தேதி தெரிந்த தேவை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் மரக்காணத்து உப்பளங்களைப் பார்க்காமல் போக முடியாது. பாத்திகளில் தேங்கிய கடல்நீர், கரையோரம் குவித்த உப்பு, மழைக்குப் பயந்து அதன்மேல் போர்த்திய கீற்று என்று அந்த நிலம் ஆண்டின் பெரும்பகுதி ஒரே வேலையில் இருக்கிறது. ஒரு பொருளைக் கெடாமல் வைத்திருப்பது அந்தப் பொருளை என்ன செய்கிறது என்பது இந்தக் கரைக்குத் தெரியும். உப்பில் கிடந்த மீன் மீனாகவே திரும்பி வருவதில்லை. அது கருவாடு, அதற்குப் பெயர் வேறு, விலை வேறு, குழம்பு வேறு. சந்தையில் யாரும் அதைப் பச்சை மீன் என்று சொல்லி விற்பதில்லை, வாங்குகிறவரும் ஏமாறுவதில்லை. மனித ரத்தத்தைப் பையில் அடைத்துக் குளிரில் வைக்கும்போது மட்டும் நாம் இந்த நாணயத்தைக் கைவிட்டுவிடுகிறோம். மூன்றாம் நாள் ரத்தமும் நாற்பதாம் நாள் ரத்தமும் ஒரே பெயரோடு, ஒரே நிறச் சீட்டோடு, ஒரே நம்பிக்கையோடு நோயாளியின் கட்டிலுக்கு வந்து சேர்கின்றன.

அந்தப் பையிலும் உப்பு உண்டு. கொடையாளரிடமிருந்து எடுக்கும் 450 மில்லி ரத்தத்திலிருந்து பிளாஸ்மாவைப் பிரித்த பின், எஞ்சும் சிவப்பணுக்களோடு சுமார் 100 மில்லி கரைசல் ஒன்றைச் சேர்க்கிறார்கள். சோடியம் குளோரைடு, அடினின், குளுக்கோஸ், மானிடால் ஆகிய நான்கும் கலந்த கரைசல் அது. அதிலுள்ள உப்பு ஒரு கிராமுக்கும் குறைவு. குளுக்கோஸ் அணுக்களுக்கு உணவு, அடினின் அவற்றின் ஆற்றலைத் தாங்குவது, மானிடால் அவை உடையாமல் காப்பது. இந்த ஏற்பாட்டோடு 2 முதல் 6 டிகிரி செல்சியஸுக்குள் வைத்தால் 42 நாள் வரை ஏற்றலாம் என்பது விதி. இந்தக் கூடுதல் கரைசல் இல்லாத பழைய வகைப் பையில் அது 35 நாள். சிறிய மருத்துவமனைகளில் ஒரு ஃபிரிட்ஜும் மின்சாரமும் இருந்தால் ரத்தம் வைத்திருக்க முடிகிறது என்பது இந்த வேதியியலின் கொடை. அதனால் பிழைத்த தாய்மார்களும் விபத்தில் சிக்கியவர்களும் எண்ணிலடங்காதவர்கள். அதைக் குறைத்துப் பேச யாருக்கும் உரிமையில்லை.

ஆனால் குளிரில் இருக்கும் அணு தூங்கிக்கொண்டிருப்பதில்லை, மெல்ல மூப்படைந்துகொண்டிருக்கிறது. ஆக்சிஜனைத் திசுக்களிடம் விட்டுக்கொடுக்க உதவும் 2,3-டிபிஜி என்ற பொருள் ஏறத்தாழ இரண்டு வாரத்தில் அற்றுப்போகிறது. உடலுக்குள் போன பிறகுதான், சில மணி நேரத்திலிருந்து சில நாட்களுக்குள், அது மீண்டும் ஊறுகிறது. அணுவுக்குள் இருந்த பொட்டாசியம் வெளியே கசிகிறது. அமிலம் கூடுகிறது. இருபுறமும் குழிந்த தட்டாக இருந்த அணு முள்முளைத்த உருண்டையாக மாறத் தொடங்குகிறது. தன்னைவிடக் குறுகிய நுண்குழாயில் வளைந்து நெளிந்து நுழையும் திறனை இழக்கிறது. சில அணுக்கள் பைக்குள்ளேயே உடைய, அவற்றின் ஹீமோகுளோபின் தனியாக மிதக்கிறது. ரத்தக்குழாய்களைத் தளர்த்தி வைக்கும் நைட்ரிக் ஆக்சைடை இந்தத் தனி ஹீமோகுளோபின் உறிஞ்சிவிடும். ரத்த வங்கியில் வேலை செய்கிறவர்களுக்கு இவை எதுவும் புதிதல்ல, பாடப்புத்தகத்தில் இருப்பவைதான்.

இனி இந்த ரத்தத்தைப் பெறுகிறவரைப் பார்ப்போம். அரிவாள் செல் நோய் என்பது ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் ஆறாவது இடத்தில் இருக்க வேண்டிய குளுடாமிக் அமிலத்துக்குப் பதில் வேலின் அமர்ந்துவிட்டதால் வருவது. ஆக்சிஜனை இழந்ததும் அந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகின்றன. அணு விறைத்து அரிவாளாக வளைகிறது. விறைத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கும்போது எலும்பிலும் மார்பிலும் வரும் வலியை நேரில் பார்த்தவர்கள் மறப்பதில்லை. நல்ல சிவப்பணு 120 நாள் வாழும். இந்த அணு பத்திலிருந்து இருபது நாளில் உடைந்துவிடுகிறது. உடைந்தவற்றின் ஹீமோகுளோபின் நோயாளியின் ரத்தத்தில் எப்போதும் மிதந்துகொண்டிருப்பதால், அவருக்கு நைட்ரிக் ஆக்சைடு முன்பே பற்றாக்குறை. நீரிழப்பு, கடும் வெயில், உடல் களைப்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வார்கள். உப்பளத்தில் இந்த மூன்றும் சேர்ந்ததுதான் வேலை விவரம்.

ரத்தம் ஏற்றுவது இவர்களுக்கு ஒப்புக்குச் செய்யும் வைத்தியமல்ல. மூளை ரத்தக்குழாயில் ஆபத்து கண்டறியப்பட்ட குழந்தைகளுக்கு மாதந்தோறும் ரத்தம் ஏற்றினால் முதல் பக்கவாதம் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தவிர்க்கப்படுகிறது என்று 1998இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. ஏற்றுவதை நிறுத்தினால் ஆபத்து திரும்பி வருகிறது என்று 2005இல் வந்த அடுத்த ஆய்வு காட்டியது. விறைத்த அணுக்களின் கூட்டத்தில் வளையத் தெரிந்த அணுக்களைக் கலந்து, கெட்ட ஹீமோகுளோபினின் பங்கை முப்பது சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதுதான் இதன் நோக்கம். முரண்பாடும் இங்கேதான் தொடங்குகிறது. விறைப்புக்கு மருந்தாக நாம் கொடுப்பது, பையில் இருந்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக விறைத்துவந்த அணுவை. மிதக்கும் ஹீமோகுளோபினால் அவதிப்படுகிறவருக்குக் கொடுக்கும் திரவத்தில், சிறிதளவேனும், மிதக்கும் ஹீமோகுளோபின் இருக்கிறது. சேமிப்பு அணுவுக்குச் செய்வதும் நோய் அணுவுக்குச் செய்வதும் அளவில் பெரிதும் வேறுபட்டவை. ஆனால் போகும் திசை ஒன்று.

42 நாள் என்ற எல்லை எப்படி வந்தது என்பதையும் யோசிக்க வேண்டும். சேமித்த அணுக்களில் குறைந்தது 75 சதவீதமாவது, உடலுக்குள் போய் 24 மணி நேரம் கழிந்தும் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்க ஒழுங்குமுறை அமைப்பு வகுத்து உலகம் பின்பற்றும் அளவுகோல். அதைச் சோதிப்பது ஆரோக்கியமான தன்னார்வலர்களிடம். அதுவும் அவரவர் ரத்தத்தை அவரவருக்கே திருப்பி ஏற்றி. நல்ல உடம்புக்குத் தன் சொந்த ரத்தம் ஒத்துக்கொண்டால், நோயுற்ற உடம்புக்கு அந்நியர் ரத்தமும் ஒத்துக்கொள்ளும் என்று கொள்வது நிர்வாகத்துக்கு வசதியான ஊகம். அளவுகோலின் மறுபக்கம் இன்னொன்று: எல்லையோரத்தில் இருக்கும் பையின் அணுக்களில் கால் பங்கு வரை முதல் நாளே அழிந்துபோவது விதிப்படி சரி. ஒரு பை ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடலுக்கு அதை வெளியேற்ற வழியில்லை. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மில்லிகிராம் தானாகக் கழிவதோடு சரி. வாழ்க்கையில் ஒரு முறை ரத்தம் ஏற்றிக்கொள்கிறவருக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. மாதாமாதம் ஏற்றிக்கொள்கிறவருக்கோ, முதல் நாளே செத்த அணு ஒவ்வொன்றும் பலன் கொடுக்காமல் இரும்பை மட்டும் ஈரலிலும் இதயத்திலும் விட்டுவிட்டுப் போகிறது. அடுத்த ஏற்றத்துக்கான நாளையும் முன்னே இழுக்கிறது.

இதற்கு எதிரான சாட்சியத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது வலுவானது. பழைய ரத்தம் கேடு செய்கிறதா என்று பெரிய ஆய்வுகள் பல கேட்டுவிட்டன. தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர்களிடமும் இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடமும் 2015இலும், இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நோயாளிகளிடம் 2016இலும் வெளியான ஆய்வுகள், புதிய ரத்தத்தால் உயிரிழப்பு குறையவில்லை என்றே முடித்தன. உகாண்டாவின் கம்பாலாவில் கடும் ரத்தசோகையோடு வந்த 290 குழந்தைகளிடம் செய்த ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. அவர்களில் பெரும்பாலோர் மலேரியாவோ அரிவாள் செல் நோயோ உள்ளவர்கள். பத்து நாளுக்குட்பட்ட ரத்தத்தைப் போலவே 25 முதல் 35 நாள் ரத்தமும் அவர்களது திசுக்களுக்கு ஆக்சிஜனைக் கொண்டு சேர்த்தது. உயிர் ஊசலாடும் குழந்தைக்குக் கையில் இருக்கும் ரத்தத்தைக் கொடுங்கள், தேதி பார்த்துத் தாமதிக்காதீர்கள் என்பதே அதன் பொருள். அது சரியான பொருள். ஆனால் அந்த ஆய்வு முதன்மையாக அளந்தது ஏற்றிய சில மணி நேரத்தில் நடப்பதை. பத்து வயதில் தொடங்கி நாற்பது வயது வரை பை பையாக ஏற்றிக்கொள்ளும் ஒருவரின் உடலில் முதுமையடைந்த ரத்தம் சேர்த்து வைக்கும் கணக்கு, மணிக்கணக்கில் அளந்து தெரிவதல்ல. பிரிட்டிஷ் வழிகாட்டுதல், இயன்றவரை, இந்த நோயாளிகளுக்குச் சாதாரண ஏற்றத்துக்குப் பத்து நாளுக்குட்பட்ட ரத்தமும், நோயாளியின் ரத்தத்தை எடுத்துவிட்டுக் கொடை ரத்தத்தை ஏற்றும் மாற்று ஏற்றத்துக்கு ஏழு நாளுக்குட்பட்டதும் தரச் சொல்கிறது. இவர்களைப் போலவே தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகளுக்கு இரண்டு வாரத்துக்குட்பட்டது என்பது சர்வதேசப் பரிந்துரை. ஆதாரம் முழுமையாக வருவதற்குமுன், சந்தேகத்தின் பலனை நோயாளிக்குக் கொடுத்த ஏற்பாடுகள் இவை. நம்மூரில் அந்தப் பலன் பெரும்பாலும் ஃபிரிட்ஜுக்குப் போகிறது.

ரத்தத்தைச் சேமிக்கும் கலை எங்கே பிறந்தது என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த நிலைமை சற்றுப் புரிகிறது. சிட்ரேட்டும் குளுக்கோஸும் கலந்த கரைசலில் சிவப்பணுக்களை நாள்கணக்கில் வைக்கலாம் என்று ரூஸ், டர்னர் என்ற ஆய்வாளர்கள் 1916இல் காட்டினார்கள். மறு ஆண்டே ஆஸ்வால்ட் ராபர்ட்சன் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர், முதல் உலகப்போரின் மேற்கு முனையில், அதைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துக் காயம்பட்டவர்களுக்கு ஏற்றினார். யார் எப்போது அடிபடுவார் என்று தெரியாது. ஆகவே ரத்தம் முன்னதாகவே எடுத்துவைக்கப்பட்டிருக்க வேண்டும். சேமிப்பின் நியாயமே இந்த நிச்சயமின்மைதான். 1937இல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபாண்டஸ் தொடங்கிய மருத்துவமனை ரத்த வங்கியும், இன்று சாலை விபத்துக்கும் பிரசவ ரத்தப்போக்குக்கும் காத்திருக்கும் நம் வங்கிகளும் அதே நியாயத்தில்தான் இயங்குகின்றன. அரிவாள் செல் நோயாளியின் தேவையோ இதற்கு நேர்மாறானது. திடீர் நெருக்கடிகள் அவருக்கும் வருவதுண்டு. ஆனால் தொடர்ந்து ஏற்றிக்கொள்பவருக்கு அடுத்த ரத்தம் எந்த வாரம், எத்தனை பை, எந்த வகை என்பது இன்றே தெரியும். தேதி தெரிந்த தேவை அது. கொடையாளரை அந்த வாரத்துக்கென்று அழைக்கலாம். ஏற்றுவதற்குச் சில நாள் முன் எடுத்த ரத்தத்தைத் தரலாம். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு தொலைபேசியும் போதும். ஆக்சிஜன் நீக்கிய பையில் ரத்தத்தைச் சேமிக்கும் புதிய முறைக்கு அமெரிக்காவில் 2023இல் அனுமதி கிடைத்திருக்கிறது. அது நம்மிடம் வந்து சேரும் நாளுக்குக் காத்திருக்கலாம், தவறில்லை. நோட்டுப் புத்தகத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தெரிந்திருந்தும் தெரியாததுபோல் நடந்துகொள்வது நமக்கு இந்த ஒன்றில் மட்டும் வந்த பழக்கமல்ல. இந்தியாவில் அரிவாள் செல் பண்பு, அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமக்கும் நிலை, முதலில் பதிவானது நம் மாநிலத்தின் மலையில்தான். 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அதைக் கண்டு எழுதினார்கள். அவர்களது ஆர்வம் பெரும்பாலும், இந்தப் பண்பையும் ரத்த வகைகளையும் கொண்டு தென்னிந்தியச் சமூகங்களை எப்படிப் பிரித்துப் பார்க்கலாம் என்பதில் இருந்தது. அந்தக் காலத்து அறிவியலின் போக்கு அது. அந்த மலையில் சிகிச்சையைக் கொண்டு சேர்க்க முனைந்தவர்களில், கூடலூரில் அஷ்வினி அமைப்பு நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை போன்ற சில நிறுவனங்களின் பெயர்களைத்தான் சொல்ல முடிகிறது. மத்திய அரசின் அரிவாள் செல் ஒழிப்புத் திட்டம் 2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்களில் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைப் பரிசோதிப்பதும், 2047க்குள் நோயை ஒழிப்பதும் அதன் இலக்கு. முதல் கட்டுரைக்கும் இந்தத் திட்டத்துக்கும் நடுவே 71 ஆண்டுகள். ஒரு பை ரத்தம் 42 நாளில் காலாவதியாகிறது. ஒரு கண்டுபிடிப்புக்கு அப்படியொரு தேதியைக் குறிக்கும் வழக்கம் இல்லாதது நமக்கு வசதிதான். பரிசோதித்துக்கொண்டவர்களுக்கு அட்டை தருகிறார்கள், யார் யாரை மணக்கும்முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு அது உதவும். ஏற்கெனவே பிறந்து வலியோடு வாழ்கிறவருக்கு அடுத்த மாத ரத்தம் எங்கிருந்து வரும் என்பது அட்டையின் வேலை அல்ல.

மலையில் கண்ட இந்தப் பண்பைக் கடற்கரையில் வைத்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. நீலகிரியில் பரிசோதிக்கப்பட்டவர்களில் இருளரும் இருந்தார்கள். இருளர் என்ற பெயரில் விழுப்புரம், செங்கல்பட்டு, திருவள்ளூர் மாவட்டச் சமவெளியிலும் மக்கள் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் மாநிலமெங்கும் இருளர் ஏறத்தாழ 1.9 லட்சம் பேர். மலை இருளரும் சமவெளி இருளரும் பேச்சிலும் வாழ்விலும் வேறுபட்டவர்கள். பெயர் ஒன்று என்பதால் ரத்தமும் ஒன்று என்று முடிவு கட்டுவது 1952இன் பிழையை நாம் மறுபடி செய்வதாகும். இவர்களுக்கு இந்தப் பண்பு இருக்கிறது என்றோ இல்லை என்றோ ஊகிக்காமல் பரிசோதித்துப் பார்ப்பதே முறை. பரிசோதனை எளிது: ஒரு துளி ரத்தத்தைச் செறிந்த பாஸ்பேட் உப்புக் கரைசலில் விட்டால், அரிவாள் ஹீமோகுளோபின் கரையாமல் கலங்கிவிடும், குழாய்க்குப் பின்னால் பிடித்த எழுத்து தெரியாது. ஆனால் திட்டங்கள் பழங்குடி மக்கள் செறிந்த பகுதிகளை நோக்கிப் போகின்றன. சாதிச் சான்றிதழ் கேட்டே ஆண்டுக்கணக்கில் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கும் சமவெளி இருளர் குடும்பம், பல காகிதங்களுக்குப் பழங்குடியாகவே இல்லை.

இந்தக் கரையில் ரத்தம் தேவைப்படுகிறவர் மேற்கே திண்டிவனத்துக்கோ தெற்கே புதுச்சேரி ஜிப்மருக்கோ முப்பது நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். போன இடத்தில் காதில் விழும் முதல் வாக்கியம் பெரும்பாலும், “ரத்தத்துக்கு ஆள் ஏற்பாடு பண்ணுங்க” என்பதாக இருக்கும். பணத்துக்கு ரத்தம் விற்பதை 1996ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு நிறுத்தியது; தடை 1998 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. விற்பனை போன இடத்தில் தன்னார்வக் கொடை முழுவதுமாக வந்து அமரும்முன், உறவினர் கொடுக்கும் மாற்று ரத்தம் வந்து அமர்ந்தது. அரிவாள் செல் நோயாளியிடம் இந்த வழக்கம் தடுமாறுகிறது. அவருக்கு ரத்தம் கொடுக்க முன்வரும் அண்ணனும் சித்தப்பாவும் அதே பண்பைச் சுமப்பவர்களாக இருக்க வாய்ப்பு அதிகம். அவர்கள் ஆரோக்கியமானவர்களே என்றாலும், அந்த ரத்தம் இந்த நோயாளிக்கு ஏற்றதல்ல. வெள்ளணுக்களை நீக்கும் வடிகட்டியைக்கூட அது அடைத்துவிடக்கூடும். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று கொடை ரத்தத்துக்குக் கட்டாயமான பரிசோதனைகள் ஐந்து. அரிவாள் செல் அதில் இல்லை. இன்னொரு தடை, கொடையாளருக்கு ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பது. ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். பலகை பிடித்து உப்பு வாரும் பெண்கள் தம் மகனுக்கு ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றால், அவர்களில் பலரை விதி திருப்பி அனுப்பும். விதி சரியானது, அவர்களை அந்த நிலையில் வைத்திருப்பதுதான் சரியில்லை.

ரத்த வங்கிக்காரர்களின் தரப்பும் அற்பமானதல்ல. முதலில் வந்த பையை முதலில் கொடு என்பது அவர்களது விதி. ஒருவர் கையை நீட்டிக் கொடுத்த ரத்தம் காலாவதியாகிக் குப்பைக்குப் போவதைவிடக் கேவலம் அந்த வேலையில் இல்லை. ஆகவே பழைய பை முன்னே வருகிறது. கொடுத்தவருக்குக் காட்டும் இந்த மரியாதையே, பெறுகிறவருக்குச் செய்யும் அநீதியாகச் சிலரிடம் மட்டும் முடிகிறது. அந்தச் சிலர் சத்தம் போடுகிறவர்களும் அல்லர். அவசரத்தில் வருகிறவருக்காக உறவுகள் கூடிக் கதவைத் தட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் வருகிறவர் பழகிய முகம், பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பவர், எது கொடுத்தாலும் வாங்கிக்கொள்பவர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து மரக்காணம் இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தை மூழ்கடித்தது போன்ற நாட்களில் ரத்தம் இருப்பில் இருந்தால் போதும், எத்தனை நாள் ஆனது என்று யாரும் கேட்கப்போவதில்லை, கேட்கவும் கூடாது. மற்ற நாட்களில் கேட்கலாம்.

ஒவ்வொரு பையிலும் இரண்டு தேதிகள் அச்சாகியிருக்கின்றன: எடுத்த நாள், முடியும் நாள். நாம் பழகியது இரண்டாவதைப் படிப்பதற்கு. முடியும் நாள் பையைப் பற்றிய கேள்வி. எடுத்த நாள், இந்த ரத்தம் யாருக்குப் போகிறது என்ற கேள்வியோடு சேர்த்துப் படிக்க வேண்டியது. 42 நாள் என்பது பையைப் பற்றி நாம் கொடுத்திருக்கும் வாக்கு. அதை ஃபிரிட்ஜ் வைத்து, வெப்பமானி வைத்து, ஏடு வைத்துக் காப்பாற்றுகிறோம். நோயாளிக்கு என்ன வாக்குக் கொடுத்திருக்கிறோம் என்று யாராவது கேட்டால், இருந்தால் தருவோம் என்பதற்குமேல் சொல்ல நம்மிடம் ஒன்றுமில்லை. அடுத்து எந்த நாளில் கேட்பார் என்று தெரிந்த ஒருவரிடம் அப்படிச் சொல்வது எவ்வளவு சரி என்பதை நாம் இன்னும் யோசிக்கவில்லை.